பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட மதிப்பெண்

அரசுப் பள்ளிகளைப் பற்றி நான் ஆறு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஆறும் ஆதரித்துத்தான். அவற்றை எழுதிய காலத்தில் எனக்குப் பிள்ளை கிடையாது என்பதைக் கட்டுரைகளில் எங்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என் நாற்பத்து நான்கு வயதில் மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்தரை வயதாகும்போது மனைவிக்கு வங்கியில் தென்காசிக்கு மாற்றல் வந்தது. இரண்டு பேருக்கும் இது சொந்த ஊர்ப் பக்கம்தான் என்பதால் சென்னையைக் காலி செய்துவிட்டு, குற்றாலம் போகிற பக்கம் ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் வந்து இறங்கினோம். அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கும்போது என் கட்டுரைகள் வந்த பத்திரிகைக் கட்டு மனைவியின் கையில் சிக்கியது. பாத்திரங்களைச் சுற்றப் பயன்படும் என்று நினைத்து எடுத்தவள், துரதிருஷ்டவசமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காதவனுக்கு அதைப் பற்றிப் பேச அருகதை இல்லை.' இது யாரு எழுதுனது?"

"அது ஒரு வாதத்துக்காக."

"வாதம்லாம் இருக்கட்டும். ரெண்டு தெரு தள்ளி ஸ்கூலு இருக்கு. என்ன செய்யப் போறிய?"

அவளுக்கு அரசுப் பள்ளி மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. அவள் படித்ததே அங்கேதான். மாதாமாதம் கட்டணம் கட்டி, பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு தனியார் பள்ளியில் படித்தவன் நான். அங்கே படித்ததால்தான் மற்றவர்கள் அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று அவ்வளவு நன்றாக எழுத வந்தது.

இன்னொரு பக்கம், மஞ்சள் வேன் வைத்திருக்கும் ஒரு ஆங்கிலப் பள்ளி இருந்தது. அங்கே கேட்டதில், ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் இருப்பதாகவும் திங்கட்கிழமை சாயங்காலம் வரை அதை எங்களுக்காகப் பிடித்து வைப்பதாகவும் சொன்னார்கள். மனைவி எனக்கு ஒரு வாரம் தந்தாள்.

"போய்ப் பாருங்க. நீங்க சொல்லுததுதான் முடிவு. நா குறுக்க பேசல. ஆனா அவ பெரியவளாகி, ஏம்ப்பா என்னைய இப்படிச் செஞ்சேன்னு கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும். நா அப்பவும் குறுக்க பேச மாட்டேன்."

மகளிடம் கேட்டேன். அவளுக்கு வேன் போதும். வேன் ஸ்கூலுக்குப் போகாமல் சும்மா சுற்றினாலும் சரிதான் என்றாள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கத்தில் நிறை, வலது பக்கத்தில் குறை என்று தலைப்பிட்டுக் கோடு போட்டேன். கோடு நேராக வந்ததில் பாதி வேலை முடிந்துவிட்ட திருப்தி வந்தது.

முதலில் விசாரணை. பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளி எப்படி சார் என்று கேட்டேன்.

"அருமையான ஸ்கூலு. கண்ண மூடிக்கிட்டு சேக்கலாம்."

"உங்க வீட்டுப் பேத்தியும் அங்கதான் படிக்காளா?"

"அவ மெட்ரிக்ல படிக்கா. அது மருமவ எடுத்த முடிவு. நா இதுலல்லாம் தலையிடுதது இல்ல."

இதை இடது பக்கத்தில் எழுதுவதா வலது பக்கத்தில் எழுதுவதா என்று தெரியாமல் இரண்டிலும் எழுதினேன். பிறகு எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். அவர் மனைவிதான் இங்கே இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். பெரியவன் அந்த மஞ்சள் வேன் பள்ளியில் நான்காம் வகுப்பு. சின்னவள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, இரண்டு பள்ளிகள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தவம் கிடந்தாலும் அமையாத ஏற்பாடு எனக்கு வாசலைத் தாண்டினால் கிடைத்துவிட்டது.

"எந்த ஸ்கூல்ம்மா நல்லது?"

"சின்னவ நல்லா வாசிக்கா அண்ணே. கடை போர்டு, பஸ் போர்டு, பஞ்சாயத்து நோட்டீசு, ஒண்ணு விட மாட்டா. பெரியவன் தமிழ்ல இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டுக் கெடக்கான்."

"இங்கிலீஷ்?"

"அதையும் கூட்டிக்கிட்டுத்தான் கெடக்கான்."

"அப்ப அவனையும் இங்க மாத்திரலாம்லா?"

நான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "அவனுக்கு டை இருக்குல்லா அண்ணே. அவங்க வாப்பா அங்கன ரூம்ல எல்லார்ட்டயும் அந்தப் போட்டோவத்தான் காட்டுதாவ."

ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. நோட்டில் 'டை' என்று மட்டும் எழுதினேன். எந்தப் பக்கம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

புதன்கிழமை காலை பள்ளியை நேரில் பார்க்கக் கிளம்பினேன். சாரல் ஆரம்பித்திருந்தது. பாதித் தெரு போகும்போதே மேளச் சத்தம் கேட்டது. திருப்பத்தில் ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் மேளம். பின்னால் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் கைகளில் தாம்பாளங்கள். பழம், தேங்காய், வெற்றிலை. நடுவில் துப்பட்டியால் தலையை மூடியிருந்த நான்கைந்து பெண்கள் கையிலும் தாம்பாளங்கள். சில ஆண்கள் தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கவிழ்த்து, மழைக்கும் ஆச்சு பாரத்துக்கும் ஆச்சு என்று நடந்தார்கள். கடைசியில் ஒரு குட்டியானை வண்டி, அதில் கயிறு போட்டுக் கட்டிய இரும்பு பீரோ. பீரோவின் கண்ணாடியில் என் முகம் தெரிந்து மறைந்தது. எல்லாம் நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போயின.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலை நாளில் பள்ளிக்கூடத்தை விசேஷத்துக்கு விட்டிருக்கிறார்கள். நோட்டை எடுத்து வலது பக்கத்தில், கோபமாக, அழுத்தி எழுதினேன். காகிதம் நனைந்திருந்ததால் கிழிந்தது.

வாசலில் ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தையும் கற்கண்டுத் தட்டையும் நீட்டினாள். எங்கள் பக்கத்தில், பன்னீர் தெளித்த பிறகு இது யார் வீட்டு விசேஷம் என்று கேட்பது மரியாதை இல்லை. கையில் சந்தனம் பட்டாயிற்று என்றால் சொந்தக்காரனைப் போல நடந்துகொண்டு, சாப்பாடு வரை இருந்துவிட்டு, வாசலில் 'எல்லாம் திருப்தி' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. எனவே போய் உட்கார்ந்தேன். கேசரி வந்தது. சாப்பிட்டேன். பக்கத்தில் குட்டியானையை ஓட்டி வந்தவர் உட்கார்ந்து, கயிறு அறுத்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, சொந்தக்காரன் குரலில் கேட்டேன்.

"பொண்ணை இன்னும் காணலையே."

"எந்தப் பொண்ண?"

"விசேஷம் பொண்ணுக்குத்தான? சடங்கா, காதுகுத்தா?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துல நடக்கு, சரி. யாருக்கு நடக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார். கேசரி இலையைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் அண்ணாச்சி சீர் கொண்டு வந்திருக்கோம். கல்விச் சீரு. ஊருல எல்லாரும் சேந்து, தாய்மாமன் கொண்டு வாத மாரி. நீங்க வெளியூரா?"

"இல்ல. இந்த ஊருதான்."

"அப்படித் தெரியலையே."

பிறகுதான் தாம்பாளங்களைச் சரியாகப் பார்த்தேன். பழத்துக்கு அடியில் நோட்டுகள், பென்சில் பெட்டிகள், சாக்பீஸ், கதைப் புத்தகங்கள், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பூகோள உருண்டை. பீரோவை வாங்கிக் கொடுத்தது வளைகுடாவில் வேலை செய்யும் இந்தத் தெருக்காரர்கள் நாலு பேராம். மகளின் கல்யாணத்துக்குப் போவதைவிடக் கவனமாக உடுத்திக்கொண்டு, மாமன்மாரும் அத்தைமாரும் ஒரு ஓட்டுக் கட்டிடத்துக்குச் சீர் செய்ய வந்திருந்தார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து இந்தப் பள்ளிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இருபது வருடத்தில் இந்தப் பக்கம் இப்படி ஒரு வழக்கமே வளர்ந்திருக்கிறது. என் ஆறு கட்டுரைகளில் ஒன்றில்கூட அது இல்லை.

கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு முதலில் வந்தது குழப்பம். ஊரே சீர் கொண்டு வருகிறது என்றால் இது ஊரார் நம்பும் பள்ளி. இடது பக்கம். ஆனால் நாற்காலியையும் கடிகாரத்தையும் ஊரார் கொண்டு வந்தால்தான் உண்டு என்றால், கொடுக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள். வலது பக்கம். மேலும், சீர் கொண்டு வந்தவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள் என்று குட்டியானைக்காரரிடம் கேட்டேன்.

"நம்ம புள்ள வேன்ல போவுது" என்றார். "ஆனா பள்ளிக்கூடம் நம்ம பள்ளிக்கூடம்லா. நா அஞ்சாப்பு வரைக்கும் இங்கனதான் அடி வாங்குனேன்."

வியாழக்கிழமை முறையாகப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. முந்தாநாள் கேசரி போதுமானதாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்டார். நேற்றுதான் என்று நான் திருத்தவில்லை. சீருக்கு அலைந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

கேள்விகளைக் கேட்டேன். கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்றேன். சாவிக்கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்துத் திறந்து காட்டினார். சுத்தமாக இருந்தது. ஏன் பூட்டியிருக்கிறது என்றேன்.

"பூட்டலைன்னா சுத்தமா இருக்காது சார்."

"பிள்ளைங்களுக்கு அவசரம்னா?"

"சாவிய எடுத்துக்கிட்டு ஓடுவேன். அதான் இப்படி மெலிஞ்சு கெடக்கேன்."

சிரிக்காமல் சொன்னார். நான் இடமும் வலமும் யோசித்துவிட்டு நோட்டை மூடினேன்.

மொத்தம் இரண்டே ஆசிரியைகள். ஐந்து வகுப்புகள். நான்கு, ஐந்து தலைமையாசிரியைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று இன்னொருவருக்கு. அந்த இன்னொருவர் இலத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அறையின் ஓரத்தில் உட்கார அனுமதி கிடைத்தது.

பிள்ளைகள் வகுப்புவாரியாக உட்காரவில்லை. மூன்று வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பெயர். அரும்பு வட்டத்தில் பொடிப் பிள்ளைகளுக்கு நடுவே, மூன்றாம் வகுப்பு என்று பார்த்தாலே தெரிகிற உயரத்தில் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலர் வட்டத்தில் எங்கள் எதிர் வீட்டுச் சின்னவள், தன்னைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு நடுவே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ஆசிரியையிடம், அந்த உயரமான பிள்ளை ஏன் அங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"அவ மூணாங்கிளாஸ்தான். புளியறைப் பக்கம் செக்போஸ்ட்டுக்கிட்ட அவங்க அப்பா ஓட்டல்ல வேல பாத்தாவ. அங்கன கொஞ்ச நாளு, கேரளாவுல கொஞ்ச நாளுன்னு அலைஞ்சு வந்த புள்ள. தமிழ் எழுத்து பாதி தெரியாது. எங்கேருந்து தெரியலையோ அங்கேருந்து நடத்துதேன்."

"மூணாங்கிளாஸ்ல இருக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தெரியலன்னா அது பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் இல்லையா?"

"தெரிஞ்ச மாரி உக்காத்தி வச்சா நல்ல பேரா சார்?"

நான் படித்த பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பில் வகுத்தல் தெரியாது. தெரிந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். நோட்டின் இடது பக்கத்தில், முதல் முறையாகத் தயக்கமில்லாமல், 'இந்த டீச்சர்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

புறப்படும்போது தலைமையாசிரியையிடம் சொன்னேன். உங்கள் பள்ளியில் மற்றதெல்லாம் எனக்குக் குழப்பம், அந்த டீச்சர் மட்டும் தெளிவு, அவரை நம்பிச் சேர்க்கலாம் போலிருக்கிறது என்றேன். அவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

"ஆகஸ்டுல பிள்ளைங்க எண்ணிக்க பாப்பாவ சார். எங்களுக்கு ஒரு பிள்ள கொறையுது. கொறைஞ்சா ஒரு போஸ்ட்ட எடுத்துருவாவ. அவதான் ஜூனியர். அவளத்தான் மாத்துவாவ. பெறகு அஞ்சு கிளாசுக்கும் நா ஒருத்திதான்."

"ஒரு பிள்ளை வந்தா?"

"ஒரு பிள்ள வந்தா அவ இருப்பா."

வீட்டுக்கு நடந்து வரும் இரண்டு தெருவும் எனக்குப் போதவில்லை. என் மகள் சேர்ந்தால் அந்த ஆசிரியை இருப்பார். பள்ளி நல்ல பள்ளி. சேராவிட்டால் அவர் போய்விடுவார். பள்ளி சுமாரான பள்ளி. நான் சேர்க்காததும் சரியாகப் போய்விடும். அதாவது நான் என்ன முடிவு எடுத்தாலும் அது சரிதான். இப்படி ஒரு வசதி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்ததும் மூடிவிட்டேன். திருத்துவதற்காக வாங்கிய விடைத்தாளில் கடைசி விடையை நானே எழுத வேண்டும் என்கிறார்கள். அதைவிடக் கேவலமான சந்தேகம் ஒன்றும் வந்தது. மகளை நான் படிக்கச் சேர்க்கப் போகிறேனா, தலையை எண்ணுவதற்குச் சேர்க்கப் போகிறேனா.

வெள்ளிக்கிழமை மறுபடி போய், பள்ளி விட்டு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசிரியையைப் பிடித்தேன். எண்ணிக்கை விஷயம் தெரியும் என்றேன். மாற்றிவிட்டால் கஷ்டம்தானே என்று, ஆறுதலாக, கேட்டேன்.

"எனக்கு என்ன சார் கஷ்டம். செங்கோட்டைப் பக்கம் ஒரு எடம் இருக்கு. அங்கன போட்டா வீட்டுலேருந்து நடந்தே போயிருவேன். இந்த மழையில தெனமும் வண்டியில வந்து மூக்கு ஒழுகுதது மிச்சம்."

"அப்ப என் பொண்ண சேக்காம இருந்தா உங்களுக்கு நல்லது."

"எனக்கு நல்லது."

"பிள்ளைங்களுக்கு?"

"அவங்களுக்கு நல்லது இல்ல." துடைத்த துணியைப் பிழிந்தார். "ரெண்டையும் நீங்க கேட்டிய, ரெண்டையும் சொல்லிட்டேன்."

"உங்க பிள்ளை எங்க படிக்கான் டீச்சர்?"

"மெட்ரிக்ல. எங்க மாமியா சேத்தாவ. நா சண்ட போட்டேன். தோத்துட்டேன்."

தனக்கு இலாபம் இல்லாத சாட்சியம் மதிப்பு மிக்கது என்று சட்டப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். இங்கே சாட்சிக்கு இலாபம் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம், மகன் மூன்றாவது பக்கம். என் நோட்டில் இரண்டே பக்கங்கள்தான் இருந்தன.

நியாயமாக இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு ஆங்கிலப் பள்ளிக்கும் போய் வந்தேன். வரவேற்பறையில் மோட்டார் வைத்து ஒரு செயற்கை அருவி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலையில் நிஜ அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும், ஏ.சி.க்காக ஜன்னலை அடைத்திருந்தார்கள். ஒரு அம்மையார் மகளிடம் ஆங்கிலத்தில் நிறங்களைக் கேட்டார். பிறகு என்னிடம் என் தொழிலைக் கேட்டார். எழுத்தாளன் என்றேன். மகளுக்கு 'குட்' என்று எழுதினார். எனக்கு ஒன்றும் எழுதவில்லை. வகுப்பறையைப் பார்க்கலாமா என்றேன். பெற்றோர் உள்ளே வர அனுமதி இல்லை என்றார். பாதுகாப்பு. அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. பார்க்க விடாத இடத்தில் குறை ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஞாயிறு முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். மனைவி வாக்குக் கொடுத்தபடி குறுக்கே பேசவில்லை. அதுபோல ஒரு கொடுமை இல்லை.

திங்கட்கிழமை காலை, முடிவெடுக்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று மகளை அரசுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை வராந்தாவில் கைபேசியும் கையுமாக நின்றார். இலத்தூர் ஆசிரியையைக் காணவில்லை. பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்குத்தான் வருவார் என்றார்.

"நா ஒருத்திதான் சார் இன்னிக்கு. பத்து மணிக்குள்ள இந்த விவரத்தையெல்லாம் போன்ல ஏத்தணும், சிக்னல் வேற வந்து வந்து போவுது. ஒரு அரமணி நேரம் அந்த ரூம்ல நிக்கியளா? சும்மா நின்னா போதும்."

சும்மா நிற்பதில் எனக்கு அனுபவம் உண்டு. உள்ளே போனேன். மகள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். அரங்குகளில் பேசியிருக்கிறேன், இப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. ஒரு கதை சொல்லப் போகிறேன் என்றேன். சிங்கத்தையும் முயலையும் வைத்து ஆரம்பித்தேன்.

"கிணத்துல குதிக்குமே, அதுவா?" என்றது ஒரு குரல்.

"ஆமா."

"அது டீச்சர் சொல்லிட்டாவ."

வேறு கதை ஆரம்பித்தேன். அதையும் டீச்சர் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒன்று புனைந்தேன். இருபது வருட எழுத்து அனுபவத்தைத் திரட்டி, ஒரு யானையைப் பேருந்தில் ஏற்றினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருத்தன் பக்கத்திலிருந்தவனிடம் விளக்கம் சொன்னான்: "இவிய சார் இல்லலே. சும்மா வந்திருக்காவ."

எதிர் வீட்டுச் சின்னவள் எழுந்து வந்தாள்.

"மாமா, நீங்க அங்கன ஓரமா உக்காருங்க. டீச்சர் இல்லன்னா நாங்க அட்டை எடுத்துப் படிப்போம்."

புது பீரோவைத் திறந்தார்கள். அட்டைகளை எடுத்தார்கள். அவரவர் வட்டத்துக்குப் போனார்கள். சின்னவள் என் மகளின் கையைப் பிடித்து, "ஏட்டி, நீ புதுசுல்லா, அரும்புல உக்காரு" என்று இழுத்துக்கொண்டு போனாள். சட்டை நுனியிலிருந்து கை விடுபட்டது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. புளியறையிலிருந்து வந்த உயரமான பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தாள். தன் அட்டையை என் மகள் பக்கம் பாதி திருப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்தாள். மகள் சென்னையில் படித்த எழுத்துகளைச் சத்தமாகச் சொன்னாள். பெரியவள் கூடவே சொன்னாள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை.

அரை மணி நேரம் ஒன்றே முக்கால் மணி நேரமானது. நடுவில் ஒரு சண்டை, ஒரு அழுகை, கழிப்பறைச் சாவிக்கு இரண்டு ஓட்டம். மற்றபடி வகுப்பு தானாக நடந்தது. நான் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஆசிரியர் இல்லாமல் நடக்கும் வகுப்பு நல்ல வகுப்பா, கெட்ட வகுப்பா. ஆசிரியர் இல்லை என்பது வெட்கக்கேடு. ஆசிரியர் இல்லாதபோதும் பீரோவைத் திறந்து அட்டையை எடுக்கிறார்கள் என்பது யாரோ ஒருவர் தினமும் இலத்தூரிலிருந்து நனைந்து வந்து செய்த வேலை. அவர் ஆகஸ்டில் போனால் இந்தப் பழக்கம் எவ்வளவு நாள் நிற்கும். தீபாவளி வரைக்கும் நிற்குமா. அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. இதுவரை எடுத்த எல்லா முடிவுகளையும்போல இதையும் யோசனை தீர்ந்த இடத்தில் எடுத்தேன்.

மத்தியானம் தலைமையாசிரியையிடம் படிவம் கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எண்ணிக்கைக்காகச் சேக்க வேண்டாம் சார்" என்றார். "பெறகு வந்து டி.சி. கேட்டா புள்ளைக்குத்தான் ரெண்டு தடவ மாத்துத சங்கடம்." நான் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லாதது பெரிய உதவி.

மனைவிக்குப் போன் செய்தேன். வங்கியில் கூட்டச் சத்தம் கேட்டது.

"சேத்துட்டேன்."

"எங்கன?"

"ரெண்டு தெரு தள்ளி."

"என்ன காரணம்?"

"தெரியல."

டோக்கன் கூப்பிடும் குரல் கேட்டது. "சரி" என்றாள். "இதாவது நெசமா சொன்னிய. அந்த வேன்காரங்களுக்குச் சொல்லிருங்க, எடத்தப் பிடிச்சு வச்சிருப்பாவ."

மகளுக்கு வேன் இல்லை என்று சொன்னது நான்தான். அவள் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டில் எண்ணிக்கை எடுத்தார்கள். பணியிடம் பிழைத்தது. செங்கோட்டைப் பக்கத்து இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். இலத்தூர் ஆசிரியை இங்கேயே தங்கினார். அதாவது தினமும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்று இன்னொருவரின் நடைதூரத்து வேலையைப் பறித்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது. சாயங்காலம் மகளைக் கூப்பிடப் போகும்போது அவர் கண்ணில் படாமல் மதிலோரம் நின்று பழகினேன். ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். அன்றைக்குச் சாரல் பலமாக இருந்தது. அவர் மூக்கு சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்" என்றேன். "எங்களால உங்க டிரான்ஸ்பர் போச்சு. உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொன்னார். "வருத்தப்பட எங்க சார் நேரம். உங்க மவ பென்சிலத் தின்னுதா. அத மொதல்ல கவனிங்க."

வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தேன். மூன்று பென்சில்கள். மூன்றுக்கும் பின்பக்கம் இல்லை.